மருந்து வைத்தவள்

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட நர்ஸ் சந்திரமதி பிள்ளைகளைப் பார்த்து இரண்டே வரிதான் பேசினாள். திங்கட்கிழமை விடிவதற்குள் பாம்புக்கல் தோட்டத்தில் அதைக் கேட்காத காது இல்லை. போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக அந்த இரண்டு வரியை இங்கே மறுபடி சொல்வதில் தோட்டத்து ஜனங்களுக்கு ஆட்சேபம் இருக்காது. அவர்களே மூன்று நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"திங்கக்கெழம எல்லாரும் வெறும் வயித்தோட வாங்க. ஒருத்தர் விடாம ஒங்க எல்லாருக்கும் மருந்து வைக்கப் போறேன்."

ஜொகூர் பாரு பட்டணத்தில் இது மிகவும் நல்ல பேச்சு. சந்திரமதி பிறந்ததும் வளர்ந்ததும் நர்ஸ் வேலை படித்ததும் அங்கேதான். தெப்ராவ் சாலையோரத்தில் அவள் அப்பா தையல் கடை வைத்திருந்தார். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து வைப்பார்கள், கண்ணுக்கு மருந்து வைப்பார்கள், சொத்தைப் பல்லுக்கும் வைப்பார்கள். வைத்துக்கொண்டவர்கள் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சிகாமட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில், மருந்து வைப்பது என்றால் ஒரே அர்த்தம். சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் எதையோ கலந்து கொடுத்து, தின்றவரைத் தன் கைக்குள் போட்டுக்கொள்வது. பெண்டாட்டி புருஷனுக்கு வைப்பாள். ஆகாதவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வைப்பாள். வைத்த மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும். இதையெல்லாம் செய்கிறவர்கள் வெளியே மூச்சு விடுவதில்லை. நடு வகுப்பில் நின்று, கிழமை குறித்து, எல்லாருக்கும் வைக்கப் போகிறேன் என்று பகிரங்கமாக அறிவித்த முதல் பெண்பிள்ளை சந்திரமதிதான்.

அத்தாட்சியும் இருந்தது. அவள் புருஷன் கனகராஜ், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். கல்யாணத்துக்கு முன்னால் யார் பேச்சையும் கேட்காத மனுஷன். கல்யாணமாகி நாலு மாதத்தில் தன் பனியனைத் தானே துவைக்க ஆரம்பித்திருந்தார். ஏன் என்று தோட்டம் முழுவதும் குழம்பிக் கிடந்தது. இப்போது தெளிந்துவிட்டது.

*

திங்கட்கிழமை காலை வாத்தியார் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தார். மணிச் சத்தத்துக்குக் கங்காணி வீட்டு ஆடு ஒன்று வந்தது. அதுவும் படியோடு நின்றுகொண்டது.

"இன்னொரு தடவ அடிச்சுப் பாக்கறேன்" என்றார் வாத்தியார்.

"அடிங்க. இன்னொரு ஆடு வரும்."

சந்திரமதி மேசைமேல் பூச்சி எண்ணெய்ப் புட்டியையும் சீனி டப்பாவையும் கரண்டியையும் எடுத்து வைத்திருந்தாள். கரண்டியில் சீனி, சீனிமேல் எண்ணெய்ச் சொட்டு, பிள்ளை வாயில் கரண்டி. பிள்ளை இல்லாத குறை ஒன்றுதான்.

"வைங்கிற வினைக்குத் தமிழ்ல எத்தன பொருள்னு தெரியுமா ஒனக்கு?" என்று வாத்தியார் தொடங்கினார். "குடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கலாம். புகட்டப் போறேன்னு சொல்லியிருக்கலாம். வார்த்தைக்கா பஞ்சம்?"

"வெள்ளிக்கெழம நான் பேசறப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

வாத்தியார் யோசித்தார். "இலக்கணப்படி அதுல தப்பு ஒண்ணும் இல்லியே" என்றார்.

வாசலில் வெள்ளையம்மாவின் சிரிப்புக் கேட்டது. வாத்தியாருக்கு மூத்தவள். புருஷனை இழந்த பிறகு தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவள். ஆள்கள் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றும் ஆயாக் கொட்டகை அவள் பொறுப்பில் இருந்தது. நாத்தனார் என்ற பதவிக்குரிய குத்தல்களை அவள் குறைவில்லாமல் நடத்தி வந்தாலும், அவற்றைச் சிரித்துக்கொண்டே செய்வதால் சந்திரமதிக்கு அவள்மேல் கோபம் வருவதில்லை.

"ஏன்டா தம்பி, ஆட்டுக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுக்கறியா?"

"பிள்ளைங்க எங்க அண்ணி?" என்றாள் சந்திரமதி.

"லயத்து வீட்டுக்குள்ள பூட்டிப் போட்டுட்டு வெட்டுக்குப் போயிட்டாளுவ. பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காளுவ. நீ எதுல கலந்து வச்சிருப்பியோன்னு பயம். பைப்புத் தண்ணியிலயே கலந்துட்டேன்னு ஒருத்தி காலையில ஆளெண்ணுற பெரட்டுல அடிச்சுச் சொல்றா."

"அப்ப ஒண்ணுமே திங்கலியா?"

"ஒண்ணுமே திங்கல. பெரியதுங்க ஜன்னல்ல மூஞ்சிய வச்சிட்டு, ஆயா பசிக்குதுன்னு அழுவுது. எனக்கே சோறு எறங்கல போ."

வெறும் வயிறோடு வரவேண்டும் என்பது சிகாமட் டாக்டரின் உத்தரவு. பிள்ளைகள் வரவில்லையே தவிர, வயிறுகள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் தயாராக இருந்தன. சந்திரமதி புட்டியையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கங்காணி வீட்டுக்கு. தனத்தப் பாக்கணும்."

வெள்ளையம்மாவின் சிரிப்பு நின்றது. "அங்கம்மா வாயில போயி விழுவாத, சந்திரா."

"விழாம எப்படி அண்ணி? அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு எண்ணெய் உள்ள போயாகணும்."

கங்காணி வீரமுத்துவின் மகள் தனலெட்சுமிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துப் படி ஏறினால் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவாள். உதடும் உள்ளங்கையும் ஊறவைத்த அரிசி நிறம். டாக்டர் இரண்டு வாரம் முன்பு அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வயிறு முழுக்கப் பூச்சி, பூச்சி குடித்தது போக மிச்சம்தான் பிள்ளைக்கு ரத்தம் என்றார். அவளுக்கென்று எண்ணெயின் அளவைத் தனியாகக் குறைத்துச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த மாதம் பார்க்க வேண்டிய வேலை இருக்காது என்றும் சொன்னார். டாக்டர் எதையும் அழுத்திச் சொல்கிற பழக்கம் இல்லாதவர். அதனால்தான் சந்திரமதிக்குத் தூக்கம் போயிற்று.

*

கங்காணி வீடு லயத்துக்குத் தள்ளித் தனியாக இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. அங்கம்மா வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டுதான் காற்றே உள்ளே போக வேண்டும்.

"வாங்க மிஸ்ஸியம்மா" என்றாள், எழுந்திருக்காமல். "எம் பிள்ள ஒருத்திதான் பாக்கியா, இல்ல எம் பிள்ளயிலேருந்துதான் ஆரம்பமா?"

"தனம் எப்படி இருக்கா?"

"இருக்கா. ஒங் கையால ஒண்ணும் வேணாம். பைய வெளிய வையி."

உள்ளே தனம் அடுப்பருகில் குந்தியிருந்தாள். அடுப்பு மண்ணை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு, சந்திரமதியைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"இங்க பாருங்க அக்கா, நான் சொன்னது..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஏற்கெனவே எவளோ வச்ச மருந்து என் பிள்ள வயித்துல கெடக்குது. அதும்மேல நீ ஒண்ணு வைக்க வந்தியா?" அங்கம்மாவின் குரல் சட்டென்று உடைந்தது. "எவளோ என்ன எவளோ. எதுத்த வீட்டு ராசம்மாதான். அவ புருஷனத் தாண்டி எம் புருஷன் கங்காணி ஆனாரு பாரு, அன்னிக்கே பலகாரம் குடுத்து விட்டா. பிள்ளதான் தின்னுச்சு. அன்னியிலேருந்து இப்படி."

பேசாமல் திரும்பி நடந்திருக்கலாம். ஆனால் சந்திரமதிக்கு, நோயாளி பேசும்போது குறுக்கே கேள்வி கேட்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள அது என்ன பண்ணுது அக்கா?"

"என்ன பண்ணும்? சுருண்டு கெடக்கு. ராவானா நெளியுது. அவளே சொல்றா, கையை வச்சுப் பாரும்மான்னு."

"அப்புறம்?"

"தின்னது ஒட்ட மாட்டேங்குது. ரத்தத்த உறிஞ்சிக் குடிக்குது. மண்ணு கேக்குது. பிள்ளையா மண்ணு திங்குது? உள்ள இருக்கறது கேக்குது."

சந்திரமதி வாசலிலேயே நின்றாள். டாக்டர் இங்கிலீஷில் சொன்னதில் ஒன்றுகூட விடுபடவில்லை. அவரைவிட அங்கம்மாதான் விவரமாகச் சொன்னாள். இருவருக்கும் பேர் ஒன்றில்தான் தகராறு.

"இத எடுக்க ஆளு பாக்கலியா?"

"கெலாங் பாத்தாவுல ஒரு சாமியார் இருக்காராம். ஊதி எடுப்பாராம். சொல்லி விட்டிருக்கோம். தை பொறந்து வர்றேன்னாரு."

தை பிறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. சந்திரமதி பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். அடுத்து என்ன சொல்லப் போகிறோம் என்பது அவளுக்கே சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, வெள்ளிக்கெழம நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். எனக்கு வைக்கத் தெரியாது. எடுக்கத்தான் தெரியும்."

அங்கம்மாவின் கை கீரையில் நின்றது. "என்னது?"

"வயித்துல கெடக்கறத வெளிய எடுக்கறது. ஜொகூர் பாருல அதத்தான் படிச்சேன்."

"அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?"

"மூணு வருசம்."

"ஊதி எடுப்பியா?"

"இல்ல. கீழ வழியா."

அங்கம்மா இதை நன்றாக யோசித்தாள். "கெலாங் பாத்தாக்காரரு வாய் வழியாத்தான் எடுப்பாராம்."

"அது பழைய மொற."

"வெளிய வந்ததக் கண்ணால பாக்கணும் நான்."

"பீங்கான் பேசின் ஒண்ணு எடுத்து வைங்க. நீங்கதான் முதல்ல பாப்பீங்க."

அங்கம்மா முறத்தை நகர்த்தினாள். வாசலில் ஓர் ஆள் போகிற அளவு வழி பிறந்தது.

*

சீனியோடு எண்ணெய் உள்ளே போனது. தனம் முகத்தைச் சுளித்தாள், விழுங்கினாள், இன்னும் கொஞ்சம் சீனி கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் சந்திரமதிக்குப் பயம் வந்தது. அந்த எண்ணெய் பூச்சிக்கும் விஷம், அளவு தவறினால் பிள்ளைக்கும் விஷம். தெம்புள்ள பிள்ளைகள் அதைத் தாங்கிவிடுவார்கள். தனத்திடம் தெம்பு என்று ஒன்று இருந்தால் இத்தனை வம்பே இல்லை. சிறிது நேரத்தில் பிள்ளைக்குத் தலை சுற்றியது. காதுக்குள் ஏதோ இரைகிறது என்றாள். கைவிரல் சில்லிட்டது. சந்திரமதி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, நாடியைப் பிடித்தபடி, தூங்கவிடாமல் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாட்டில் நடுவில் திக்கியது. அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒம்போதேழு, அறுபத்தஞ்சு" என்று எடுத்துக் கொடுத்தாள். அவள் சொன்ன விடையும் தப்பு. யாரும் திருத்தவில்லை.

பேதி உப்பைக் கரைத்துக் குடிக்க வைத்த நேரத்தில் கங்காணி வீரமுத்து வந்து சேர்ந்தான். வெட்டு முடித்துப் பால் வாளியைக் கொடுத்துவிட்டு வந்த ஆள்கள் அவன் பின்னாலேயே வந்து வாசலை அடைத்தார்கள். விஷயம் அவனுக்கு வழியிலேயே கிடைத்திருந்தது. வழியில் கிடைத்த விஷயத்தில் அவன் மகள் ஏற்கெனவே செத்திருந்தாள்.

உயிரோடு இருப்பவளைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்தது.

"யாரக் கேட்டு உள்ள விட்ட?" என்று பெண்டாட்டியிடம் கத்தினான்.

"எடுக்க வந்திருக்காங்க."

"எத?"

"வச்சத."

வீரமுத்து சந்திரமதியைப் பார்த்தான். கக்கத்தில் பிரம்பு இருந்தது. தோட்டத்தில் அதை அவன் தூக்கினால் போதும், அடிக்க வேண்டியதில்லை. "மிஸ்ஸியம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. போன வருசம் ரப்பர் வெல விழுந்தப்ப இங்கேருந்து பாதிப் பேர ஊருக்குக் கப்பல் ஏத்தி விட்டோம். பேரு குடுத்தவன் நான். எம் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ, வாத்தியாரு, அவங்க அக்கா, மூணு பேரும் நாளைக்குத் தோட்டத்துல இருக்க மாட்டீங்க."

"ஆகட்டும்" என்றாள் சந்திரமதி. "பேசினக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

ஆண்கள் வெளியே போனார்கள். பெண்கள் போகவில்லை.

அந்த நேரமெல்லாம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மையில் இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. பிள்ளையைப் பிடிப்பதும் துடைப்பதும் தண்ணீர் கொடுப்பதுமாக அவள் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது அங்கம்மா பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 பெரிய பூச்சிகள் பின்னிக்கொண்டு இன்னும் நெளிந்தன. அவற்றுக்கிடையில் வெள்ளை நூலை நறுக்கிப் போட்டதுபோல் சின்னவை கிடந்தன. ஒரு பெண் பின்னால் நகர்ந்தாள். இன்னொருத்தி முன்னால் எட்டிப் பார்த்து, "உசுரோட இருக்குடி" என்றாள்.

அங்கம்மா பேசினை இரண்டு கையாலும் தூக்கினாள். வாசலுக்குக் கொண்டுபோய் புருஷன் காலடியில் வைத்தாள்.

"பாருங்க" என்றாள். "சாமியாருக்குச் சொல்லி விட்டத வேணாம்னு சொல்லுங்க."

வீரமுத்து பார்த்தான். பிரம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மகள் தலைமாட்டில் உட்கார்ந்தான். தனம் அவனிடம் சோறு கேட்டாள். பக்கத்திலேயே இருந்த அடுப்பு மண்ணை அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

*

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் உட்கார இடம் இல்லை. மணி அடிக்காமலே கூட்டம் வந்தது வாத்தியாருக்குச் சற்று வருத்தம்.

லயத்துப் பூட்டுகள் திறந்துவிட்டன. காலையிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். ஒவ்வொருத்தியும் கையோடு ஒரு சட்டியும் கொண்டுவந்தாள். பெரியவர்களும் வரிசையில் நின்றார்கள். பால் வெட்டும் ஆள் ஒருவர், தனக்குக் கல்யாணமான அன்றே வைத்துவிட்டார்கள் என்றும், எடுத்துவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றும் சந்திரமதியிடம் அந்தரங்கமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம், எடுத்துவிடுங்கள், போகட்டும் என்றாள். பெரியவர்களுக்கு இன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்புவதற்குள் சந்திரமதிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"நீ பொய் சொல்லியிருக்க" என்றார் வாத்தியார், சீனி டப்பாவைப் பிடித்துக்கொண்டு.

"எது பொய்? வயித்துல இருந்துச்சு. எடுத்தேன்."

"மருந்துன்னு சொன்னியா இல்லியா?"

"நான் சொல்லல. அவங்க சொன்னாங்க. நான் இல்லேன்னு சொல்லல. இலக்கணப்படி தப்பு இருக்கா?"

வாத்தியார் சீனி டப்பாவின் மூடியை மூடித் திறந்தார்.

"எல்லாருக்கும் குடுத்து முடியட்டுங்க" என்றாள் சந்திரமதி, மெதுவாக. "தனத்துக்கு இன்னொரு தடவ குடுக்கணும். அப்புறம் நானே ஒக்காத்தி வச்சுச் சொல்றேன், இது பூச்சி, வெறுங்காலோட மண்ணுல நடந்தா ஏறுது, கைய கழுவலேன்னா ஏறுதுன்னு. இப்ப சொன்னா எந்தப் பிள்ள வாயத் தொறக்கும்?"

அந்தச் சாயங்காலத்துக்குள் சட்டிகள் எல்லாம் சாட்சி சொல்லிவிட்டன. ஒரு பிள்ளைக்குக்கூட வராமல் இல்லை.

தோட்டம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. விட்ட கையோடு யோசிக்க ஆரம்பித்தது.

*

யோசித்தவள் அங்கம்மாதான். பைப்படியில் பேசினைத் தேய்த்துக்கொண்டே சத்தமாக யோசித்தாள்.

"எம் பிள்ளைக்கு மட்டும்னா ராசம்மான்னு சொல்லலாம்."

"என் வீட்டுச் சட்டியும் பாத்தல்ல?" என்று ராசம்மா பாய்ந்தாள். "எம் பிள்ளைக்கும்தான் வந்துச்சு. என் வயித்துல பொறந்ததுக்கு நானே வைப்பேனா?"

"அதத்தாண்டி சொல்றேன். நீ இல்ல." ஒரு வருடப் பகை அந்த இடத்திலேயே தீர்ந்தது. "எல்லாப் பிள்ளைக்கும் வந்திருக்கு. அப்ப எல்லாப் பிள்ளைக்கும் சோறு போட்ட ஒரு கைதான வச்சிருக்கணும்?"

 தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பைப்படியிலிருந்து பார்த்தால் ஆயாக் கொட்டகை நேராகத் தெரியும்.

சந்திரமதி வேலை முடிந்து, நாத்தனாரோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று கொட்டகைக்கு வந்தபோது, ஒரு தாய் ஏணையிலிருந்து தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வெள்ளையம்மா கஞ்சிப் பானையைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு, "பொறுடி, துணி நனைஞ்சிருக்கும், மாத்தி விடறேன்" என்றாள்.  இன்னொருத்தி வந்தாள். மூன்றாவதாக வந்தவள் குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டுத் தூக்கிப் போனாள்.

"என்ன சந்திரா, எல்லா மகராணியும் இன்னிக்கு ஒரே நேரத்துல வர்றாளுவ? படம் காட்டறாங்களா?"

சந்திரமதி வாசலுக்கு வெளியே பார்த்தாள். அங்கம்மா நின்றாள். அவள் பின்னால் தோட்டமே நின்றது. வீரமுத்துவும் பிரம்போடு இருந்தான்.

"வெள்ளையக்கா" என்றாள் அங்கம்மா. குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒனக்குன்னு ஒரு பிள்ள இல்லேங்கிற ஏக்கம் எங்களுக்குப் புரியாம இல்ல. அதுக்காக எங்க பிள்ளைங்கள ஒங் கைக்குள்ள போட்டுக்க இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

வெள்ளையம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. காலியான ஏணைகள் வரிசையாகத் தொங்கின. சொன்னதன் அர்த்தம் அவள் முகத்தில் மெல்ல ஏறியது.

"நானா?" என்றாள். "நானா வச்சேன்?"

சந்திரமதிக்குத் தனத்துக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாவது வேளை எண்ணெய் நினைவுக்கு வந்தது. ஒரு மூச்சு நேரம் தயங்கினாள், அவ்வளவுதான்.

"யாரும் ஒண்ணும் வைக்கல!" என்று கூவினாள். "அது மருந்தே இல்ல. பூச்சி. மண்ணுலேருந்து காலு வழியா ஏறுற பூச்சி. நான் குடுத்தது பூச்சி எண்ணெய். எல்லா ஊர்லயும் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கறதுதான்."

வாத்தியார் எங்கிருந்தோ ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்று, "உண்மை, உண்மை" என்றார். புருஷன் சொன்னதால் அதன் மதிப்பு இன்னும் குறைந்தது.

அங்கம்மா சந்திரமதியின் கன்னத்தைத் தடவினாள். காலையில் வாசலை மறித்து உட்கார்ந்தவளின் அதே கைதான். "காலு வழியா ஏறி வயித்துக்குப் போவுதாம்! காலையில எங்கிட்ட மருந்த எடுக்கறேன்னு சொன்ன வாயி இது. குடும்பத்த விட்டுக் குடுக்காம பேசற. நல்லாயிரு. ஒம்மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

வாத்தியார் பொய் என்று சொன்ன அந்தக் காலைப் பேச்சு எல்லார் மனதிலும் அப்படியே நின்றது. உண்மையை எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"நாளைக்குத் துரைகிட்ட பேசறேன்" என்றான் வீரமுத்து. "கொட்டகைக்கு வேற ஆளு போடணும்."

அப்போது வெள்ளையம்மா எழுந்தாள். ஏணைகள் தொங்கிய மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்திரா, எனக்கும் குடு."

"எத அண்ணி?"

"அந்த எண்ணெய. இவங்க முன்னாடியே குடு. வச்சவ வயித்துல மருந்து இருக்குமா? இருக்காதுல்ல? அப்ப எனக்குள்ளேருந்தும் வரட்டும். நானும் அதே கஞ்சியத்தான் குடிக்கறேன். வந்துச்சுன்னா நான் வைக்கலன்னு ஆச்சு. என்ன அங்கம்மா, ஞாயந்தான?"

அங்கம்மா கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் தலையாட்டியது. "ஞாயந்தான்" என்றாள். "வரலேன்னா?"

"வரலேன்னா நாளைக்கே ரயில் ஏறறேன்."

"வேணாம் அண்ணி" என்றாள் சந்திரமதி அவசரமாக. "வெறும் வயித்துல குடுக்கறது இது. சாப்பிட்டிருந்தா..."

"எங்க சாப்பிட்டேன்? ஜன்னல்ல பிள்ளைங்க பசி பசின்னு அழுதுட்டிருக்கறப்ப எனக்குச் சோறு கேக்குதா? காலையிலேருந்து பல்லுல தண்ணி படல."

யாரோ போய்ப் பேசினை எடுத்து வந்தார்கள். அங்கம்மா தேய்த்த தேய்ப்பில் அது பளபளத்தது.

சந்திரமதி நாத்தனாரின் காலைப் பார்த்தாள். வாசல் தாண்டினால் மரக்கட்டை மிதியடி இல்லாமல் அந்தக் கால் மண்ணில் பட்டதில்லை. ராணியம்மா என்று தோட்டம் அதற்காகக் கேலி செய்யும். கையைப் பார்த்தாள். குழந்தையைத் தொடுமுன் ஒரு தடவை, தொட்ட பின் ஒரு தடவை சவுக்காரம் போட்டுத் தேய்த்து, விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. தண்ணீரைக் காய்ச்சாமல் அவள் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. பூச்சி ஏறாமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சந்திரமதி படித்துக் காட்டியபோது, இதெல்லாம் நான் எப்பவும் பண்றதுதான என்றவள்.

வெள்ளையம்மா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்ன பாத்துட்டு நிக்கற? சீக்கிரம் குடு, சந்திரா" என்றாள்.

சந்திரமதியின் கையில் கரண்டி இருந்தது. பாம்புக்கல் தோட்டத்தில் வயிற்றில் பூச்சி இருக்க வழியே இல்லாத ஒரே மனுஷி, நம்பிக்கையோடு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.